இன்டர்வல் ஓட்டத்தில் சரியான வேகம் எது? முதல் சுற்றில் பறக்கிறேன், கடைசியில் தவழ்கிறேன்

நெடுவழி

எல்லோருக்கும் வணக்கம். கடைசியாக ஓடிய 5 கி.மீ. போட்டியில் என் நேரம் 25:10. அடுத்த இலக்கு 23:30. அதற்குக் கிலோமீட்டருக்கு 4:42 வேண்டும். அதைவிடச் சற்று வேகமாகப் பழகினால் நல்லது என்று நினைத்து, 4:40 வேகத்தில் 1000 மீட்டர் இன்டர்வல் (வேகமாக ஓடி, ஓய்வெடுத்து, மறுபடி ஓடுவது) ஐந்து என்று டிராக்கில் இறங்கினேன். இடையில் 2 நிமிடம் நின்றபடி ஓய்வு.

வந்த நேரங்கள்: 4:28, 4:36, 4:49, 5:02, 5:11.

கடைசி இரண்டில் நாக்குத் தள்ளிவிட்டது. அடுத்த இரண்டு நாள் தொடை கல்லாக இருந்தது. வாரத்துக்கு மொத்தம் 35 கி.மீ. ஓடுகிறேன். இன்டர்வல் வாரம் ஒரு முறைதான்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: தாக்குப்பிடிக்கும் திறன் போதவில்லையா, அல்லது நான் வைத்துக்கொண்ட வேகமே தப்பா? ஒருவர் 5 கி.மீ. போட்டி வேகம் என்கிறார், இன்னொருவர் 3 கி.மீ. போட்டி வேகம் என்கிறார், மூன்றாமவர் முடிந்த வரை வேகமாக ஓடு என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

காற்றுக்கால்

4:42 வேகத்தில் போட்டி ஓட வேண்டுமென்றால் 4:42-இல்தான் பழக வேண்டும். மெதுவாக ஓடிப் பழகி வேகமாக ஓடியவர் யாரும் இல்லை. கடைசி இரண்டில் திணறினீர்களா? நல்லது, முன்னேற்றம் அங்கேதான் இருக்கிறது. அடுத்த வாரமும் அதையே ஓடுங்கள், உடம்பு வழிக்கு வரும்.

வட்டப்பாதை

காற்றுக்கால் சொல்வதை நான் ஏற்கவில்லை. காரணத்தைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் ஐந்து நேரங்களையும் கூட்டிப் பாருங்கள். 24:06 வருகிறது. ஐந்தால் வகுத்தால் சராசரி 4:49. ஆக, அன்று உங்கள் உடம்பில் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 4:50 வேகத்தில் ஐந்து ஓடும் அளவுக்குச் சரக்கு இருந்திருக்கிறது. அதை முதல் இரண்டிலேயே வாரி இறைத்துவிட்டீர்கள். தாக்குப்பிடிக்கும் திறனில் பெரிய குறை எனக்குத் தெரியவில்லை, செலவு செய்த விதம்தான் குறை.

அடுத்து, இந்தப் பயிற்சி எதற்காக? 1000 மீட்டர் ஐந்து முறை, இடையில் இரண்டு மூன்று நிமிட ஓய்வு என்றால், உடம்பு எடுத்துக்கொள்ளக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவுக்கு, அதாவது விஓ2 மேக்ஸுக்குப் பக்கத்தில், கூடுதல் நேரம் இருப்பதுதான் நோக்கம். ஓட ஆரம்பித்ததும் அந்த உச்சத்தைத் தொட்டுவிட முடியாது. ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் பிடிக்கும். அதனால்தான் ஒவ்வோர் ஓட்டமும் 3 முதல் 5 நிமிடம் இருக்கட்டும் என்று பயிற்சியாளர்கள் சொல்கிறார்கள். அதைத் தொட எவ்வளவு வேகம் போதும்? போட்டியில் 10 முதல் 12 நிமிடம் வரை உங்களால் தாங்கக்கூடிய வேகம் போதும். அதற்கு மேல் எவ்வளவு விரட்டினாலும் ஆக்சிஜன் உச்சத்துக்கு மேல் உச்சம் கிடையாது. கூடுதல் வேகத்துக்கான செலவு ஆக்சிஜன் இல்லாத வழியில் போகிறது, அந்தக் கடனைத்தான் நான்காவது ஐந்தாவது ஓட்டத்தில் வட்டியோடு கட்டினீர்கள்.

இப்போது 5 கி.மீ. வேகமா, 3 கி.மீ. வேகமா என்ற குழப்பத்துக்கு வருகிறேன். இரண்டுமே சரி, ஆனால் ஒரே ஆளுக்கு அல்ல. 5 கி.மீ.யை 14 நிமிடத்தில் முடிப்பவருக்கு 12 நிமிட வேகமும் 5 கி.மீ. வேகமும் கிட்டத்தட்ட ஒன்று. அவரைப் பார்த்து எழுதப்பட்ட அறிவுரைதான் '5 கி.மீ. வேகம்'. நீங்கள் 25 நிமிடம் எடுக்கிறீர்கள். உங்களுக்கு 12 நிமிட வேகம் என்பது 3 கி.மீ. போட்டி வேகத்தையும்விட ஒரு பொட்டு அதிகம்.

கணக்கு: ஒரு தூரத்தின் நேரத்தை வைத்து இன்னொரு தூரத்தின் நேரத்தைக் கணிக்க, பீட்டர் ரீகலின் சூத்திரம் என்று ஒன்று பழக்கத்தில் இருக்கிறது. தூரங்களின் விகிதத்தை 1.06 அடுக்குக்கு உயர்த்தி, தெரிந்த நேரத்தோடு பெருக்க வேண்டும். 25:10-ஐ வைத்துப் பார்த்தால் 3 கி.மீ.க்கு 14:39 அளவில் வரும், அதாவது கிலோமீட்டருக்கு 4:53. இதுவே உங்கள் தொடக்க வேகம். 4:40 அல்ல, 4:28 நிச்சயம் அல்ல.

காற்றுக்கால்

கணக்கெல்லாம் சரி. ஆனால் ஒன்று கேட்கிறேன். அவர் 5:02, 5:11 ஓடும்போதும் இதயத் துடிப்பு உச்சத்தில்தானே இருந்திருக்கும்? களைத்த உடம்பு மெதுவாக ஓடினாலும் ஆக்சிஜனை அதே அளவு இழுக்கும். அப்படியானால் உங்கள் 'உச்சத்துக்குப் பக்கத்தில் கூடுதல் நேரம்' அவருக்கும் கிடைத்துவிட்டதே. நஷ்டம் எங்கே?

வட்டப்பாதை

நல்ல கேள்வி. நீங்கள் சொல்வதில் பாதி உண்மை. களைத்த பிறகு குறைந்த வேகத்திலும் துடிப்பு மேலேதான் நிற்கும்.

நஷ்டம் இரண்டு இடத்தில். ஒன்று, கால். 5:11 என்பது அவருடைய 5 கி.மீ. போட்டி வேகத்தைவிட மெதுவானது. இடுப்பு உட்கார்ந்து, தோள் ஏறி, பாதம் தரையில் இழுபடும் ஓட்டம் அது. இதயத்துக்கு வேலை கிடைக்கலாம், கால்கள் கற்றுக்கொள்வது தளர்ந்த ஓட்டத்தை. இரண்டாவது, அதற்கடுத்த நாள்கள். இரண்டு நாள் தொடை கல்லாக இருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். அந்த வாரத்தின் நீண்ட ஓட்டம் என்ன ஆனது என்று கேட்டுப் பாருங்கள்.

நெடுவழி

16 கி.மீ. ஓட வேண்டியது. 9-இல் திரும்பி வந்துவிட்டேன்.

பொறுமைநடை

நெடுவழி தம்பி, நானும் ஒன்றைச் சேர்க்கிறேன். வேகத்தைப் பற்றி மட்டும் பேசுகிறோம், ஓய்வைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஓய்வைச் சொல்லாமல் வேகத்தைச் சொல்வதில் பொருளே இல்லை. 1000 மீட்டரை 4:53-இல் ஓடி ஒரு நிமிடம் ஓய்வெடுப்பது ஒரு பயிற்சி, அதையே ஓடி நான்கு நிமிடம் ஓய்வெடுப்பது முற்றிலும் வேறு பயிற்சி.

1930-களில் ஜெர்மனியில் வோல்டெமார் கெர்ஷ்லர் என்ற பயிற்சியாளரும் ஹான்ஸ் ரைன்டெல் என்ற இதய மருத்துவரும் இந்த முறையை ஒழுங்குபடுத்தியபோது, வேகத்தை அளக்க ஓய்வையே அளவுகோலாக வைத்தார்கள். ஓட்டம் துடிப்பை 180 அளவுக்கு ஏற்ற வேண்டும், பிறகு 90 விநாடிக்குள் அது 120-க்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் ஓடிய வேகம் அதிகம், அல்லது தூரம் அதிகம். அவர்களுடைய மாணவர் ருடால்ஃப் ஹார்பிக் 1939-இல் 800 மீட்டரை 1:46.6-இல் ஓடி உலக சாதனை வைத்தார். 180, 120 என்ற எண்கள் எல்லோருக்கும் பொருந்தாது. வயதும் உடல்வாகும் சேர்ந்து ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் அடுத்த சுற்றுக்கு உடம்பு தயாராகிவிட்டதா என்று பார்த்து முந்தைய சுற்றின் வேகத்தை எடைபோடுகிற யோசனை இன்றும் செல்லும்.

உனக்கு நடைமுறையில் சொல்கிறேன். நின்றுகொண்டு ஓய்வெடுக்காதே, மெல்ல ஜாக் செய். ஓட்டம் 4 நிமிடம் என்றால் ஓய்வு 2:30 முதல் 3 நிமிடம். ஐந்தாவது சுற்றுக்கு முன்னால் 'இன்னும் ஒரு நிமிடம் கிடைத்தால் தேவலை' என்று தோன்றினால், முதல் சுற்றுகளை மிஞ்சி ஓடியிருக்கிறாய் என்று அர்த்தம்.

இன்னொன்று. நீ ஏன் 1000 மீட்டர் ஓட வேண்டும்? வேகமான ஓட்டக்காரர்கள் 1000-ஐ மூன்றேகால் நிமிடத்தில் முடிக்கிறார்கள். உனக்கு அது ஐந்து நிமிடம். அவர்களுடைய தூரத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் அவர்களைவிட ஒன்றரை மடங்கு நேரம் துன்பப்படுவாய். மீட்டரைப் பார்க்காதே, நிமிடத்தைப் பார். 800 மீட்டர் ஓடு. 4:53 வேகத்தில் அது 3:54.

ஈரமண்

ஒரு சந்தேகம். நான் மராத்தானுக்குத் தயாராகிறேன். 800 மீட்டர் பத்து முறை ஓடினால் அந்த நேரமே மராத்தான் நேரம் என்கிறார்களே, அது உண்மையா? நான்கு நிமிடத்தில் ஓடினால் நான்கு மணி நேரம்?

பொறுமைநடை

யாஸ்ஸோ 800 என்று சொல்வார்கள். கணிப்பாக எடுத்துக்கொண்டால் பலருக்கும் ஆசை காட்டி மோசம் செய்யும், குறிப்பாக நீண்ட ஓட்டங்கள் போதாதவர்களுக்கு. 800-ஐ 4:00-இல் ஓடுவது கிலோமீட்டருக்கு 5:00 வேகம். நான்கு மணி மராத்தான் 5:41 வேகம். முதலாவதை ஓட முடிகிறது என்பதால் இரண்டாவதை 42 கி.மீ.க்கு இழுக்க முடியும் என்று உறுதி இல்லை. பயிற்சியாக ஓடுங்கள், தப்பில்லை. போட்டி நாள் வேகத்தை அதிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள்.

காற்றுக்கால்

ஈரமண் கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது, மறுபடி என் பக்கத்துக்கு வருகிறேன். எல்லாரும் 'மெதுவாக, மெதுவாக' என்கிறீர்கள். ரோஜர் பானிஸ்டர் ஒரு மைலை 4 நிமிடத்துக்குள் ஓடியது எப்படி? போட்டி வேகத்திலேயே 440 கெஜம், அதாவது கால் மைல், ஓடிப் பழகித்தானே?

வட்டப்பாதை

அந்த உதாரணத்தை நீங்கள் எடுத்ததில் எனக்கு மகிழ்ச்சி, ஏனென்றால் அது என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. அவர் 440 கெஜம் பத்து முறை, இடையில் 2 நிமிடம் என்று வைத்துக்கொண்டார். தேவைப்பட்டது சுற்றுக்கு 60 விநாடி. ஆனால் தொடங்கியது 60-இல் அல்ல, 66-இல். குளிர்காலம் முழுக்க எண்ணிக்கையையும் ஓய்வையும் மாற்றாமல் வேகத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி 61 வரை வந்தார். அங்கே சிக்கிக்கொண்டார். மேலும் முட்டி மோதவில்லை. சில நாள் பயிற்சியை விட்டு, ஸ்காட்லாந்து மலைகளில் ஏறப் போனார். திரும்பி வந்து 59-இல் ஓடினார். 1954 மே 6 அன்று 3:59.4.

அதாவது அன்றைக்கு இருந்த திறனிலிருந்து தொடங்கி இலக்கை நோக்கி நகர்ந்தார். நெடுவழி செய்தது நேர் எதிர். 23:30 என்பது இன்னும் ஓடாத போட்டி. அதன் வேகத்தை இன்றைய பயிற்சியில் வைப்பது அகலக்கால். 25:10 ஓடிய உடம்புக்கு 25:10-இன் வேகங்களைத்தான் கொடுக்க வேண்டும்.

அதோடு பானிஸ்டர் மைல் ஓட்டக்காரர். அவருக்கு 60 விநாடிச் சுற்று போட்டி வேகம், காலுக்கு அந்த வேகத்தைப் பழக்குவது நோக்கம். அந்த மாதிரி ஓட்டமும் நெடுவழிக்கு வேண்டும்தான், ஆனால் 200, 300 மீட்டராகக் குறுக்கி, ஓய்வைத் தாராளமாக வைத்து, மூச்சு முழுக்கத் திரும்பிய பிறகே அடுத்ததை ஓட வேண்டும். இரண்டையும் ஒரே பயிற்சியில் கலந்தால் இரண்டுமே கெடும்.

காற்றுக்கால்

66-இலிருந்து தொடங்கினார் என்பது எனக்குப் புதிது. சரி. ஆனாலும் எப்போதும் எண்ணைப் பார்த்தே ஓடினால் போட்டியில் போராடும் குணம் எப்படி வரும்? அது எனக்கு இன்னும் இடிக்கிறது.

நிலாச்சாலை

போராட்டம் போட்டிக்கு இருக்கட்டும் காற்றுக்கால் அண்ணா, வாரா வாரம் பயிற்சியில் எதற்கு?

எனக்கு எண்களைவிட ஓர் உணர்வுச் சோதனை நன்றாக வேலை செய்கிறது. முதல் சுற்று 'இவ்வளவுதானா' என்று இருக்க வேண்டும். பாதியில் 'சரி, வேலை நடக்கிறது' என்று இருக்க வேண்டும். கடைசி சுற்றை முடித்ததும், கட்டாயப்படுத்தினால் அதே வேகத்தில் இன்னொன்று ஓடலாம், இரண்டு ஓடுவது சந்தேகம் என்று தோன்ற வேண்டும். ஒன்று கூட முடியாது என்றால் வேகம் அதிகம். மூன்று நான்கு ஓடலாம் என்றால் அடுத்த முறை இரண்டு மூன்று விநாடி குறைத்துப் பார்க்கலாம்.

ஹார்ட் ரேட்டை நம்பி இன்டர்வலின் வேகத்தைப் பிடிக்க முயல்பவர்களுக்கு ஒரு வார்த்தை: முதல் சுற்றில் துடிப்பு பின்தங்கியே ஏறும். 'இன்னும் 150தான் காட்டுகிறது' என்று விரட்டினால், அது மேலே வந்து சேரும்போது நீங்கள் தீர்ந்துபோயிருப்பீர்கள். மணிக்கட்டில் ஒளியால் அளக்கும் கடிகாரங்கள் வேகம் சட்டென்று மாறும்போது இன்னும் தடுமாறும். துடிப்பை முடித்த பிறகு பாருங்கள், ஓடும்போது வேண்டாம்.

வெயிலும் எதிர்காற்றும் இருக்கும் நாளில் கிலோமீட்டருக்கு 4:53 என்பது வேதவாக்கு இல்லை. டிராக்கில் ஒரு பக்கம் எதிர்காற்று என்றால் மறுபக்கம் முதுகுக்குப் பின்னால் தள்ளுமே என்று கணக்குப் போடாதீர்கள். இழந்தது முழுக்கத் திரும்பி வராது.

நெடுவழி

எல்லோருக்கும் நன்றி. படித்துவிட்டு இப்படித் திட்டமிட்டிருக்கிறேன், சரியா என்று பாருங்கள்: 800 மீட்டர் ஐந்து முறை, ஒவ்வொன்றும் 3:54, இடையில் 400 மீட்டர் ஜாக். முன்னால் 2 கி.மீ. வார்ம்அப், பின்னால் 1.5 கி.மீ. கூல்டவுன்.

வட்டப்பாதை

இரண்டு திருத்தம். முதல் முறை நான்கு போதும். இந்த வேகத்தில் ஓடுவது வாரத் தூரத்தில் 8 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்று ஒரு பழைய பயிற்சியாளர் கணக்கு உண்டு. 35 கி.மீ.க்கு அது 2.8 கி.மீ. நான்கு 800 என்றால் 3.2 கி.மீ., கொஞ்சம் தாண்டினாலும் ஒட்டி வருகிறது. நீங்கள் ஓடிய ஐந்து 1000, வாரத் தூரத்தில் ஏழில் ஒரு பங்கு. திணறியதில் அதற்கும் பங்கு இருக்கிறது.

இரண்டாவது, வார்ம்அப் முடித்ததும் நேரே முதல் சுற்றுக்குப் போகாதீர்கள். 80 மீட்டர் அளவில் நான்கு ஸ்ட்ரைட் ஓடுங்கள், படிப்படியாக வேகமெடுத்து, தளர்வாக. குளிர்ந்த காலோடு தொடங்கினால் சரியான வேகமும் கடினமாகத் தெரியும்.

முதல் 200 மீட்டரைப் பிடித்துக்கொள்ளுங்கள், அதுதான் முக்கியம். 4:53 வேகத்தில் 200 மீட்டருக்கு 58 விநாடி சொச்சம். அங்கே 54 வந்தால் உடனே தளர்த்துங்கள். 4:28 ஓடிய அன்று நீங்கள் 200-ஐத் தாண்டியது ஏறக்குறைய அந்த நேரத்தில்தான். கடிகாரம் ஓடும்போது காட்டும் உடனடி வேகத்தை அங்கே நம்ப வேண்டாம், அது பல விநாடி பின்தங்கி வரும். லேப் பட்டனைக் கையால் அழுத்துங்கள், டிராக்கின் கோடுகளை நம்புங்கள்.

ஈரமண்

இந்த வேகத்தை எப்போது கூட்டுவது? ஒவ்வொரு வாரமும் ஒரு விநாடி குறைக்கலாமா?

பொறுமைநடை

கூடாது. மூன்று நான்கு வாரம் அதே வேகத்தில் ஓடுங்கள். அது தானாக எளிதாகிக்கொண்டே வரும். முதலில் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், நான்கிலிருந்து ஐந்து. பிறகு ஒரு போட்டியோ, தனியாக நேரம் குறித்து ஒரு 3 கி.மீ. ஓட்டமோ ஓடிப் பாருங்கள். அதில் வரும் நேரம் புதிய வேகத்தைச் சொல்லும். பயிற்சியை வைத்துப் பயிற்சி வேகத்தை மாற்றினால், ஒரு நல்ல நாள் வந்ததும் ஆசை தலைக்கேறிவிடும்.

எல்லா வாரமும் இதே இன்டர்வல் வேண்டும் என்றும் இல்லை. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் த்ரெஷோல்ட் வேகத்தில் 1000 மீட்டர் நான்கு, இடையில் ஒரே ஒரு நிமிடம் ஓய்வு. த்ரெஷோல்ட் என்றால் ஒரு மணி நேரப் போட்டியில் தாங்கக்கூடிய வேகம். நெடுவழிக்கு அது 5:20 பக்கம். மெதுவாகத் தோன்றும், தோன்றட்டும். நார்வே ஓட்டக்காரர்கள் இந்த மாதிரி ஓட்டங்களை ஒரே நாளில் இரண்டு வேளை ஓடுகிறார்கள், இடையிடையே ரத்தத்தில் லாக்டேட்டை (கடுமையாக ஓடும்போது சேரும் பொருள்) அளந்து, அளவு மீறினால் வேகத்தைக் குறைக்கிறார்கள். உலகத் தரத்தில் ஓடுபவர்களே அளந்து அடக்கி ஓடுகிறார்கள். நமக்கு ஒரு வேளையே தாராளம்.

காற்றுக்கால்

செக் ஓட்டவீரர் ஜாட்டோபெக்கையும் சொல்லிவிடுங்கள் சார், அவர் ஒருவர்தான் பாக்கி. 400 மீட்டரை ஒரே நாளில் 40 முறை ஓடியவர். அவர் அடக்கியா ஓடினார்?

பொறுமைநடை

40 முறை ஓட வேண்டுமானால் அடக்கித்தான் ஓட வேண்டும் தம்பி, வேறு வழி?

நிலாச்சாலை

என் பங்குக்கு ஒரு கேள்வி. டிராக் கிடைக்காத நாளில் டிரெட்மில்லில் இதை ஓடுவதானால் என்ன எண் வைப்பது? இன்னொன்று, டிராக்கில் முதல் லேனில் கூட்டம் என்றால் நான்காவது லேனில் ஓடலாமா, நேரத்தை எப்படிக் கணக்கிடுவது?

வட்டப்பாதை

டிரெட்மில்: 4:53 என்றால் மணிக்கு 12.3 கி.மீ. சாய்வு 1 சதவீதம். வெளியில் காற்றைக் கிழித்து ஓடும் செலவுக்கு அது ஈடாகிறது என்று 1996-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது, உங்கள் வேகம் அந்த ஆய்வின் எல்லைக்குள் வருகிறது. பெல்ட் வேகமெடுக்கச் சில விநாடி பிடிக்கும், அது 12.3-ஐத் தொட்ட பிறகு நேரத்தைத் தொடங்குங்கள். தூரத்தைப் பார்க்காமல் 4 நிமிடம் என்று ஓடுவது அங்கே எளிது. விசிறி இல்லாத அறையென்றால் 12-இல் தொடங்குங்கள்.

லேன்: ஒரு லேனின் அகலம் 1.22 மீட்டர். வெளியே போகப் போகச் சுற்றுக்கு லேனுக்கு ஏழு, ஏழரை மீட்டர் கூடும். இரண்டாவது லேன் 407 மீட்டர், நான்காவது ஏறக்குறைய 422. அங்கே இரண்டு சுற்று ஓடினால் 845 மீட்டர் அளவில் வரும், 800-க்கான 3:54-ஐத் தேடினால் தெரியாமலே கிலோமீட்டருக்கு 4:37 வேகத்தில் ஓடிக்கொண்டிருப்பீர்கள். நான்காவது லேனிலேயே ஓடுவதானால் இரண்டு சுற்றுக்கு 4:07 வையுங்கள்.

நெடுவழி

ஐயோ, நான் அன்று ஓடியது இரண்டாவது லேன். 1000 மீட்டர் என்று நினைத்தது 1017-ஆ?

வட்டப்பாதை

ஆமாம், இரண்டரைச் சுற்றும் அங்கேயே ஓடியிருந்தால். ஒவ்வொரு நேரத்திலும் நான்கைந்து விநாடி கழித்துக்கொள்ளுங்கள். முதல் 1000 மீட்டர் 4:28 இல்லை, 4:23!